மேற்கே போக ஓர் ஆள்

"பிரபா, நீ சுவத்தைத் தள்ளுனா, சுவர் உன்னைய என்ன பண்ணும்?"

ஒன்பதாம் வகுப்பில் ஹெப்சிபா டீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் எழுந்து நின்றேன். யாருடைய சுவர், அதை நான் எதற்காகத் தள்ளுகிறேன், வீட்டுக்காரர் பார்த்தால் என்ன சொல்வார் என்றெல்லாம் யோசித்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. "பதில் சொல்ற வரைக்கும் நில்லு" என்றார் டீச்சர். மணி அடிக்கும் வரை நின்றேன். அதோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்தக் கேள்விதான் காரணம் என்று டீச்சர் ரொம்ப நாள் வருத்தப்பட்டார். காரணம் அதில்லை. அதே நாளில் என் அக்கா கௌசல்யாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் பஸ் தானாக நிற்காது. யாராவது கண்டக்டரைப் பார்த்து "ஸ்கூல் ஸ்டாப் இறங்கணுங்க" என்று சத்தம் போட வேண்டும். அதுவரை அக்காதான் போட்டாள். அவள் வராத முதல் நாள் நான் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

எனக்கு வேண்டியதையெல்லாம் அக்காதான் பேசுவாள். கடையில் அவள் கேட்பாள். ஆஸ்பத்திரியில் எனக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் அவள் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் ஊர் கோணக்காட்டூரில் உராய்வு காணாமல் போனது.

வெளியூர்க் கம்பெனி ஒன்று வந்து ரோட்டில் ஒரு மருந்து தெளித்துப் பார்க்கிறோம் என்றது. லாரி டயருக்கும் தாருக்கும் நடுவே இழுவை குறையும், டீசல் மிச்சமாகும் என்றார்கள். வீட்டுக்கு ஒரு லாரி உள்ள ஊர் எங்களுடையது. மீதி வீடுகளில் கோழிப்பண்ணை. கேரம் போர்டு மாதிரி மேடு பள்ளமில்லாத ஊர் என்பதால் எங்களைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்கள். ஊரே பெருமைப்பட்டது. தெளித்த மருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றில் பறந்து, வாசல், முற்றம், சந்தைத் திடல் என்று தரை இருக்கும் இடமெல்லாம் படிந்துவிட்டது.

காலையில் முதலில் எழுந்தவர் என் அப்பா நாச்சிமுத்து. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நல்ல கனமான ஆள். வாசலில் ஒரு காலை வைத்தார். அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே எங்கள் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சந்தைத் திடலில் பாதி தூரம் போய், நடுவில் நின்ற கட்சிக் கொடிக்கம்பத்தில் மோதி அதைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதை விடவே இல்லை.

"அப்பா, ஊட்டுக்கு வாங்க!" என்று அக்கா கத்தினாள்.

"எப்புடி வர்றது? நீயே சொல்லு."

ஊரில் லாரிகளைக் கிளப்பிப் பார்த்தார்கள். சக்கரங்கள் சுற்றின; லாரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கம்பெனிக்காரர்கள் ஊர் எல்லைக்கு வெளியே நின்று போன் செய்து, மழை வந்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்றார்கள். மழை வந்தது. மழைத் தண்ணீர்தான் வழுக்கிக்கொண்டு போனது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் ஆய்வுக்கு வந்தார். ஜீப் கிழக்கு எல்லையில் நுழைந்து, நிற்காமல் ஊருக்குள் வந்து, எங்களையெல்லாம் பார்த்துக் கும்பிட்ட அதிகாரியோடு மேற்கு எல்லையில் வெளியே போய்விட்டது. அவர் நேரில் ஆய்வு செய்ததாகப் பேப்பரில் வந்தது.

அம்மா மருந்து தெளித்த அன்றைக்கு ராசிபுரத்தில் மாமா வீட்டில் இருந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வழுக்குகிறது, எப்படி வருவது என்கிறாள். அது ஒன்றுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊரில் நகர்வதற்கு ஒரு வழி உண்டு என்று கண்டுபிடித்தது ஒரு பூசணிக்காய். ஊருக்குக் கண் பட்டுவிட்டது, திருஷ்டி சுற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தார்கள். கல்யாணத் தரகர் பொங்கியண்ணன் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து, பூசணிக்காய் மேல் கற்பூரம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் ஓங்கி மேற்கே வீசினார். பூசணிக்காய் மேற்கே போனது. பொங்கியண்ணன் கிழக்கே போனார். டீக்கடைக்குள் புகுந்து, பாய்லர் மேடையில் முட்டித்தான் நின்றார்.

"சாமி குத்தம்" என்றார் டீக்கடைக்காரர்.

டீக்கடைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த ஹெப்சிபா டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "குத்தமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க பூசணிக்காயத் தள்ளுனீங்க. பூசணிக்காயும் உங்களைத் தள்ளுச்சு. எப்பவுமே தள்ளும். முந்தி தரை உங்களைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதனால தெரியல."

"பூசணிக்கா என்னையத் தள்ளுச்சுங்களா?" பொங்கியண்ணன் தலையைத் தேய்த்துக்கொண்டார். "இத்தன வருசமா ஒடைக்கறேன், ஒரு பூசணிக்காயும் என்னைய எதிர்த்ததில்லீங்களே."

அன்று முதல் ஊர் நகர ஆரம்பித்தது. நிற்பது கஷ்டம் என்பதால் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே போனார்கள். போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி, எதிர்த்திசையில் எதையாவது வீச வேண்டும். எங்கள் ஊரில் வீசுவதற்கு முட்டைக்குப் பஞ்சமில்லை. லாரி வராததால் பண்ணைகளில் முட்டை மலையாகத் தேங்கியிருந்தது. கோழிகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சிறகடித்துக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போய் அங்கேயும் முட்டையிட்டன. ஒரு முட்டை வீசினால் மெல்ல நகரலாம். நிறுத்த எதுவும் இல்லாததால் அந்த மெல்லிய நகர்வே கடைசி வரைக்கும் போதும். அவசரக்காரர்கள் அட்டை அட்டையாக வீசினார்கள்.

ஊருக்குக் கிழக்கேதான் ஹைவே இருக்கிறது. வேலை, ஆஸ்பத்திரி, காலேஜ், சினிமா, எல்லாம் கிழக்கே. ஆகவே எல்லோரும் மேற்கே பார்த்து முட்டை வீசினார்கள். வீசிய முட்டையும் நிற்காமல் போய் மேற்கு எல்லையில் சேர்ந்தது. சில மாதங்களில் மேற்குத் தெரு முட்டைக்குள் முழுகிப்போனது. அங்கே குடியிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிழக்கே போனார்கள், அவர்களும் முட்டை வீசித்தான். மேற்கிலிருந்து காற்று அடித்தால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் பஞ்சாயத்து முட்டை வீசத் தடை போட்டது.

பிறகு சுவரைத் தள்ளினார்கள். சுவர் நல்ல சாதனம். தள்ளினால் நாம் போவோம், அது நிற்கும். ஆனால் ஊரே தினமும் தள்ளியதில் சுவர்கள் சாய ஆரம்பித்தன. "இச்சுவரைத் தள்ளுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று வீட்டுக்கு வீடு எழுதி வைத்தார்கள். சொந்தச் சுவரைத் தள்ளலாம். ஆனால் அது எந்தத் திசையில் அனுப்புகிறதோ அங்கே மட்டும்தான் போக முடியும். எங்கள் சுவர் நேராகத் தெற்கே, அப்பாவிடம் கொண்டுபோய் விட்டது. வேறெங்கும் விடாது.

அப்பா கொடிக்கம்பத்தடியிலேயே தங்கிவிட்டார். தார்ப்பாயால் ஒரு கூரை போட்டுக்கொண்டார். கம்பத்தை வேறு யார் தொட்டாலும் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்பா முதல் நாளே கட்டிக்கொண்டுவிட்டதால் அவரை மட்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் வாசலில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் தள்ளிவிட்டால் அது குறி தப்பாமல் அவர் மடியில் போய்ச் சேரும். சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திருப்பித் தள்ளுவார். சாம்பார் நன்றாக இருந்த நாட்களில் கொஞ்சம் வேகமாக வரும்.

ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கனமான மனிதர், ஒரு சுவரைவிட எந்த விதத்தில் குறைச்சல்? கிழக்கே போகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுச் சுவரைத் தள்ளி அப்பாவிடம் வந்தார்கள். அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். "நாச்சிமுத்தண்ணா, கொஞ்சம் முதுகக் காட்டுங்" என்பார்கள். அவர் காட்டுவார். லாரி ஓட்டிய காலத்தில்கூட அவருக்கு அத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

"எல்லாரையும் அனுப்பி வெக்கறேன் பாரு" என்று எங்களிடம் சந்தோஷமாகச் சொல்வார். ஆனால் போனவர்கள் திரும்பி வரவில்லை. ஹைவேயில் இறங்கியதும் பழக்கம் விட்டுப்போன கால்கள் தடுக்கி முகம் குப்புற விழுவார்கள். எழுந்து துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். நாளாக ஆக அப்பாவின் சந்தோஷம் குறைந்தது. ஒரு நாள் முதுகைத் திருப்பிக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டார். "இனி ஊருக்குள்ள போறவங்க மட்டும் வாங்க. கெழக்க போறவனுக்கு முதுகு இல்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் எதிராள் முறை வந்தது. கண்டுபிடித்தவர் பொங்கியண்ணன். உங்களுக்கு வடக்கே போக வேண்டுமா? தெற்கே போகவேண்டிய ஒருவரைப் பிடியுங்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தள்ளிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. யாருடைய சுவரும் சாயாது, ஒரு முட்டையும் வீணாகாது.

கல்யாணத் தரகு விட்டுப்போயிருந்த பொங்கியண்ணனுக்கு இது அச்சு அசலாக அதே தொழில். மஞ்சப்பைக்குள் ஜாதகங்களுக்குப் பதில் ஊராரின் எடைகளை வைத்துக்கொண்டார். கறிக்கடைத் தராசில் ஆளைத் தொங்கவிட்டு நிறுத்தார். "பையன் தங்கமான எடைங்க. தெக்கத்தான் போறான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்பார். எடைப் பொருத்தம் பார்க்காமல் ஒரு நாள் அரிசி ஆலை முதலாளியையும் ஒல்லியான டெய்லர் ஒருவரையும் சேர்த்துவிட்டார். முதலாளி ஒரு முழம் நகர்வதற்குள் டெய்லர் பக்கத்து ஊரில் கண்டெடுக்கப்பட்டார்.

எதிராள் முறையால் ஊரின் குணமே மாறியது. ஒரே இடத்துக்குப் போகும் புருஷன் பெண்டாட்டி ஒருவருக்கொருவர் உதவ முடியாது. ஒரே திசையில் வேலைக்குப் போகும் சிநேகிதர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாகத் தகராறில் பல வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இருவர், எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் அவரவர் தோட்டங்காட்டுக்குப் போகத் தினமும் காலையில் ஒருவரையொருவர் அத்தனை ஆசையோடு தள்ளிக்கொள்வார்கள். ஊரிலேயே வேகமாகப் போய்ச் சேர்வது அவர்கள்தான். நடுவில் ஒரு தடவை பெரியவர்கள் சமாதானம் பேசி வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் காட்டுக்குத் தாமதமாகவே போனார்கள்.

இன்னொன்றும் தெரிய வந்தது. பேசினால்கூட நகர்வோம். வாயிலிருந்து மூச்சு முன்னால் போகிறது, ஆள் பின்னால் போகிறான். கொஞ்சம்தான், ஆனால் அந்த நகர்வு நிற்கவே நிற்காது. பஞ்சாயத்துக் கூட்டம் திடலின் நடுவில் நெருக்கமாக ஆரம்பிக்கும். பேசப் பேச எல்லோரும் பின்வாங்கி, தீர்மானம் போடும் நேரத்தில் தலைவர் கோவில் வாசலிலும் உறுப்பினர்கள் நாலு மூலையிலும் இருப்பார்கள். கலகலப்பான குடும்பங்கள் சீக்கிரம் பிரிந்தன. நான் மட்டும் வைத்த இடத்தில் இருந்தேன். "ஊர்லயே ஒழுங்கா இருக்கற புள்ள நாச்சிமுத்தண்ணன் சின்னப் பொண்ணுதான்" என்று என்னைப் புகழ்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எதற்காக நிற்க வைத்தார்களோ அதற்கே இப்போது நல்ல பெயர்.

விபத்துகள் பெருகியதால் விசையும் இயக்கமும் எல்லோரும் படித்தாக வேண்டும் என்று பஞ்சாயத்து உத்தரவு போட்டது. ஹெப்சிபா டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் திடலில் வகுப்பு எடுத்தார். பேசினால் அவர் பின்னால் போய்விடுவார் என்பதால் அப்பாவின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் பாடம் நடத்தினார். ஆக ஒவ்வொரு பாடத்தையும் முதுகு வழியாக முதலில் வாங்கியவர் அப்பா.

"சும்மா இருக்கற பொருள் சும்மாவே இருக்கும். போய்ட்டிருக்கற பொருள் நேரா போய்ட்டே இருக்கும். வெளியில இருந்து ஏதாவது தள்ளுனாலோ இழுத்தாலோதான் அது மாறும்" என்றார் டீச்சர்.

"அப்ப முந்தியெல்லாம் தானா நின்னுச்சுங்களே?"

"தானா நிக்கல. தரை நிறுத்துச்சு. நமக்குத் தெரியாமயே நம்மளப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு இருந்துச்சு."

"பாருங்களேன்" என்றார் பொங்கியண்ணன். "அது இருக்கற வரைக்கும் ஒரு நாள் நன்றி சொல்லீருப்பமா?"

பிறகு டீச்சர் பழைய கேள்வியைக் கேட்டார். "சுவத்தைத் தள்ளுனா சுவர் என்ன பண்ணும்?" கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நடவடிக்கை எடுக்குமுங்க!" என்று யாரோ கத்த, சிரித்த சிரிப்பில் ஊரே ஆளுக்கொரு திசையில் கலைந்தது. அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேன் ஹைவே மைல்கல்லுக்கு வரும். வராதவர்களின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அக்கா வாசலில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். "அப்பா, முதுகக் காட்டுங்க! நான் போவணும்!"

"ஊருக்கே காட்டி ஓஞ்சுட்டேன். கெழக்க போறவங்களுக்கு முதுகு கெடையாதுன்னு சொன்னேனல்ல?"

"நான் உங்க புள்ளைங்கப்பா!"

"அதனாலதாஞ் சொல்றேன்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். நடைக்குள் போய், சமையலறைக்குள் போய், அங்கேயிருந்து அவள் கத்தியது அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான் கதவு, ஜன்னல் கம்பி என்று பிடித்துப் பிடித்துப் போய் அவள் காலைப் பிடித்து இழுத்து வந்தேன். நிலைப்படியில் காலைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"எத்தன பேரத் தள்ளி உட்டுருப்பேன் இங்கிருந்து?" அப்பா கம்பத்தை இறுக்கிக்கொண்டார். "ஒருத்தன், ஒரே ஒருத்தன், திரும்பி வந்து இந்த முதுகுல கை வெச்சானா? உங்கம்மா ராசிபுரத்துல இருந்து வந்தாளா? நீ போனா வருவியா? இந்த ஊர்ல போறதுக்கு ஒரு தள்ளு போதும் கண்ணு. வர்றதுக்கு மனசு வேணும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இந்த ஊர்ல தேயறதுக்குக்கூட வழியில்லடி" என்றாள்.

நாங்கள் பொங்கியண்ணனைப் பிடித்தோம். அவர் மஞ்சப்பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார்.

"கெழக்க போறதுக்கு ஊர்ல பாதி சனம் காத்திருக்குது அம்மிணி. மேக்க போறதுக்குத்தான் ஆளில்ல. மேக்க என்ன இருக்குது? அழுகின முட்டை. காசு குடுத்தாக்கூட எவனும் போக மாட்டான்."

"எதாச்சும் பண்ணுங்கண்ணா. திங்கக்கெழமை போயே ஆவணும்."

"எடைக்கு ஆள் இருக்குது." அவர் பெருமூச்சு விட்டார். அதில் ஒரு அடி பின்னால் போனார். "நீயும் உந்தங்கச்சியும் தராசுல ஒரே எடை. பத்துப் பொருத்தமும் பிரமாதம். நான் சேத்து வெச்சதுலயே இப்படி ஒரு ஜோடி கெடையாது. திசை ஒண்ணுதான்..."

"மேக்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் என் குரலை அன்றுதான் முதல் தடவை கேட்கிறார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"நான் மேக்க போறேன்" என்றேன் இன்னொரு தடவை. நான் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று வார்த்தைக்கே ஒரு சாண் பின்னால் போயிருந்தேன். அது மேற்கு.

"உனக்கென்ன பைத்தியமாடி?" அக்கா என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "நாத்தம் பிடிச்ச முட்டைக்குள்ள போய் வுழுவியா?"

"குளிச்சுக்கறேன்."

"நான் போயிட்டா உனக்கு யாருடி பேசுவா?"

 

திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் வீட்டுச் சுவரைத் தள்ளிக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். அக்கா மடியில் பெரிய பை. அந்தப் பையின் கனத்துக்கு ஈடாக என் மடியில் ஆட்டுக்கல் குழவி. பொங்கியண்ணன் ஏற்பாடு. "பாதி வழி போனதும் குழவியைத் தூக்கி மேக்க வீசிரு கண்ணு. முட்டைக்கு முன்னாலயே நின்னுருவே" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். டீச்சரும் வந்திருந்தார். டீக்கடை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சுவர் எப்போதும் போல நேராக அப்பாவிடம் கொண்டுபோய் விட்டது.

"தூக்குப்போசி வருதுன்னு பாத்தா நீங்க வர்றீங்க" என்றார் அப்பா. இன்னொரு கையால் எங்களைப் பிடித்து நிறுத்தினார். குழவியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாடம் முழுவதையும் முதுகில் வாங்கியவர் ஆயிற்றே.

"சின்னவளா மேக்க போறா?"

அக்கா தலையாட்டினாள்.

அப்பா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தார். அவர் விடாவிட்டால் ஒன்றும் நடக்காது. அந்தக் கை முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. ஹைவேயில் வேனின் ஹாரன் கேட்டது.

"நான் முதுகக் காட்டலீன்னா ஊட்டுலயே ஒரு சுவத்தச் செஞ்சு கூட்டிட்டு வந்துட்டியாக்கும்" என்றார். அப்புறம், "வேனுக்காரன் நிப்பானா?" என்று கேட்டார்.

"நிக்க மாட்டானுங்கப்பா."

அவர் பிடியை விட்டார். விட்ட கையால் எங்கள் இருவரையும் எதிரெதிரே திருப்பி, கேரம் காய் அடுக்குவதுபோலக் கிழக்கு மேற்காகச் சரிசெய்து வைத்தார். பிறகு அந்தக் கையையும் கம்பத்தைச் சுற்றிப் போட்டு, முகத்தைக் கம்பத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

நாங்கள் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தோம். அக்கா விரலைக் கோத்துப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பிடித்திருந்ததால் நகரவில்லை. "பால்காரருகிட்ட அரை லிட்டர்னு சொல்லோணும். சொல்லாட்டி ஒரு லிட்டர் ஊத்திட்டுப் போயிருவாரு. தலைவலி வந்தா வலது பக்கம்னு சொல்லு, உனக்கு எப்பவும் வலது பக்கந்தான். அப்பாவுக்குச் சாம்பாருல உப்புக் கம்மியா போடு. அவரே கேட்டாலும் சேத்துப் போடாத. கரெண்டுக்காரன் வந்தா—"

"அம்மிணி, வேன்!" என்று பொங்கியண்ணன் தூரத்திலிருந்து கத்தினார்.

"முழங்கையை மடக்குங்க! ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நீட்டுங்க!" என்றார் டீச்சர்.

கோத்த விரல்களைப் பிரித்தோம். தள்ளினோம்.

நான்தான் அவளைத் தள்ளினேன். அதே கணத்தில், அதே அளவு, அவளும் என்னைத் தள்ளினாள். இரண்டும் ஒரே தள்ளுதான்; யார் தொடங்கியது என்று சொல்ல முடியாது. சுவர் என்ன பண்ணும் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

அவள் கிழக்கே போனாள். நான் மேற்கே போனேன். ஒரே வேகம். இரண்டு பேரும் முதுகுப் பக்கமாகப் போனதால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனோம். நடுவில் அப்பாவும் கம்பமும். அவர் முகம் தெரியவில்லை, கம்பத்தைச் சுற்றியிருந்த கைகள் மட்டும் தெரிந்தன. அக்கா சின்னதாகிக்கொண்டே போனாள். நானும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருப்பேன், அதே அளவு சின்னதாக.

குழவியை எறிய மறந்துபோனேன். முட்டைக் குவியலுக்குள் முதுகு புதைந்து, இடுப்பு வரை இறங்கி, உடைந்தது எல்லாம் உடைந்த பிறகு நின்றேன். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. இத்தனை மாதங்களில் கிழக்கே போனவர்கள் ஒவ்வொருவரும் இங்கேதான் எதையோ வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அக்கா இன்னும் போய்க்கொண்டிருந்தாள்.

மைல்கல்லுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவள் வாயைத் திறந்தாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்லத்தான் இருக்கும். எப்போதும் அதைத்தான் சொல்வாள், தெருமுனைக் கடைக்குப் போனாலும்கூட. ஆனால் அவள் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாலும், அந்த மூச்சு அவளை இன்னும் கொஞ்சம் வேகமாக எங்களிடமிருந்து தள்ளிவிடும். அவளும் பாடம் படித்தவள்தான்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். வேன் மறுபடி ஹாரன் அடித்தது. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அக்கா போனாள்.